கப்பல் கட்டணம் கடலில் முடிவாவதில்லை



இது நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். நம் ஊர்த் தோலும் ஆம்பூர் ஷூவும் ஏறிப் போகிற கப்பலைப் பற்றியது. ஆகவே நம் வீட்டு அடுப்பைப் பற்றியதும்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள். பொருளாதார நிபுணர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்திருக்கிறது. படித்ததில் நம் ஊருக்குத் தேவையானதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கம் முழுக்க ஒரே தொழில். தோல் பதனிடுகிறோம், அப்பர் தைக்கிறோம், ஷூ செய்கிறோம். கடைசியில் எல்லாம் ஒரு இரும்புப் பெட்டிக்குள் ஏறிச் சென்னைத் துறைமுகம் போகிறது. அந்தப் பெட்டி ஐரோப்பா போய்ச் சேர என்ன கட்டணம், எத்தனை நாள், எந்த வழி? இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

"எண்ணெய் விலை, புயல், சண்டை" என்று சொல்வோம். உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி அரசாங்க அலுவலகத்தில், சட்டமும் விதியும் எழுதுகிற மேசையில் முடிவாகிறது. அந்த மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

"லாபி" என்று செய்தித்தாளில் படிக்கிறோம். லாபி என்றால் நடைக்கூடம். நாடாளுமன்ற நடைக்கூடத்தில் உறுப்பினர்களை மடக்கி, "எங்களுக்கு இதைச் செய்து கொடுங்கள்" என்று கேட்பதற்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நாம் மனுவோடு நிற்கிறோமே, அதுவும் அதே ஜாதிதான். கேட்பது தப்பில்லை. கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் நாம் வராந்தாவில் நிற்கிறோம். கப்பல் முதலாளிகளுக்கு உள்ளே நாற்காலி போட்டிருக்கிறார்கள். இது நேற்று வந்த வித்தியாசம் இல்லை. நூற்றைம்பது வருஷத்துக் கதை.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். அதே நாள்தான் வ.உ.சிதம்பரனார் பிறந்த நாளும் (1872). ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் எனக்குப் பூ கொடுப்பார்கள். நான் அவர்களுக்கு வ.உ.சி. கதை சொல்வேன். 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். அப்படியென்றால் எத்தனை பங்கு? 40,000. சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு சாக்லேட். அதில் ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு வாங்கினார். அதாவது 2 லட்சம் ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பாண்டித்துரைத் தேவர் கம்பெனித் தலைவர். ஒரு முஸ்லிம் வியாபாரியின் பணமும் ஒரு ஜமீன்தாரின் பெயரும் ஒரு வக்கீலின் உழைப்பும் சேர்ந்த கம்பெனி அது.

எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. உங்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் பினாங்கு, சிங்கப்பூர் போன 'ரஜூலா' கப்பல் இருக்கிறதே, அது இந்தக் கம்பெனிக் கப்பல்தான்.

வ.உ.சி. முதலில் வாடகைக் கப்பல் எடுத்து ஓட்டினார். பி.ஐ. நெருக்கடி கொடுத்தது, வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிறகு காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்கி 1907-ல் கொண்டுவந்தார். தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தை பி.ஐ. ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது. கடைசியில் பி.ஐ. "சும்மாவே வாருங்கள், குடையும் தருகிறோம்" என்றது. இந்தக் குடைக் கதை எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஆனால் குடை கொடுத்தது வெறும் வியாபாரப் போட்டி. அதற்கு மேல் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும்.

தூத்துக்குடியில் பி.ஐ.யின் ஏஜென்ட் ஏ அண்ட் எஃப் ஹார்வி கம்பெனி. கோரல் மில்லும் அவர்கள் கையில்தான். 1908 பிப்ரவரியில் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்களோடு நின்றார். ஆகக் கடலிலும் கரையிலும் அவருக்கு ஒரே எதிரி. அந்த எதிரிக்கு வேண்டியவர்கள் மாவட்ட அதிகாரிகள். 1908 மார்ச் 12-ம் தேதி கைது. ஜூலை 7-ம் தேதி தீர்ப்பு, இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். அதற்குள் 1911-ல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். காலியா கப்பலை வாங்கியது யார்? எதிரிக் கம்பெனியே.

வழக்கு ராஜத்துரோக வழக்கு. உள்ளே போட்டது அரசாங்கம், கப்பல் கம்பெனி இல்லை. ஆனாலும் பி.ஐ.க்கு என்ன வேண்டுமோ அது நடந்தது. எப்படி?

இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். நம் பாடப்புத்தகங்களில் இவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். சர் ஜேம்ஸ் மெக்கே. பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு.

பி.ஐ. கம்பெனியை நிர்வகித்தது மெக்கின்னன் மெக்கென்சி என்ற நிறுவனம். அதன் பங்குதாரர் மெக்கே. வங்காள வர்த்தகச் சபைக்குத் தலைவராக இருந்தார். வைசிராயின் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். பிறகு லண்டன் போனார். அங்கே இந்தியா மந்திரிக்கு ஆலோசனை சொல்ல 'இந்தியா கவுன்சில்' என்று ஒரு சபை உண்டு. அதில் 1897 முதல் 1911 வரை உறுப்பினர்.

வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சுதேசிக் கம்பெனி பிறந்தது 1906. கலைந்தது 1911. அந்த ஐந்து வருஷமும் பி.ஐ.யின் மனிதர் இந்தியாவை ஆளும் சபையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். 1909-ல் அவரை வைசிராயாகவே போடலாமா என்று பேச்சு வந்தது. 1913-ல் பி.ஐ.யின் தலைவரானார். 1914-ல் பி.ஐ.யும் பி அண்ட் ஓ கம்பெனியும் இணைந்தன.

அவர் தூத்துக்குடிக்குத் தந்தியடித்து "வ.உ.சி.யைப் பிடி" என்றார் என்று நான் சொல்லவில்லை. அப்படித் தந்தியடிக்கத் தேவையே இல்லை என்றுதான் சொல்கிறேன். மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கீழே இருக்கிற சப்-கலெக்டருக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத் தாளாளரின் மகன் வகுப்பில் இருந்தால் வாத்தியாரின் பிரம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று நமக்குத் தெரியாதா?

பி.ஐ. வளர்ந்ததே அரசாங்கத்தின் மடியில்தான். 1856-ல் கல்கத்தா–ரங்கூன் தபால் கொண்டுபோக அரசாங்க ஒப்பந்தம் வாங்கித் தொடங்கிய கம்பெனி அது. தபாலுக்கு அரசு பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் கப்பல் ஓடியது. போட்டிக்காரன் வந்தால் கட்டணத்தை இறக்க அந்தப் பணம் கைகொடுத்தது. வ.உ.சி.க்கு அப்படி ஒரு தபால் பை கிடையாது.

அடுத்து, சரக்கு அனுப்புகிறவர்களை எப்படிக் கட்டிப் போட்டார்கள் என்று பார்ப்போம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் பக்கத்துத் தோல் லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

1875-ல் கல்கத்தாவில் கப்பல் கம்பெனிகள் கூடிப் பேசி ஒரு கூட்டணி அமைத்தன. 'கான்ஃபரன்ஸ்' என்று பெயர். எல்லோரும் ஒரே கட்டணம். வியாபாரிகள் வேறு கப்பலைத் தேடிப் போகாமல் இருக்க ஒரு தந்திரம் செய்தார்கள். நீங்கள் 1,000 ரூபாய் கட்டணம் கட்டினால் அதில் 100 ரூபாய் உங்களுக்குத் திருப்பித் தருவார்கள். எப்போது? உடனே இல்லை. அடுத்த ஆறு மாதம் நீங்கள் வேறு எந்தக் கப்பலிலும் ஒரு மூட்டைகூட அனுப்பாமல் இருந்தால்தான். அனுப்பினீர்களோ, பிடித்து வைத்த பணம் அத்தனையும் போச்சு. மளிகைக்கடைக்காரர் நம் பணத்தையே பிடித்து வைத்துக்கொண்டு, "பக்கத்துக் கடைக்குப் போகாதே, போனால் இது கிடையாது" என்பது மாதிரி.

புதிதாக ஒருவன் கப்பல் ஓட்ட வந்தால் அவனுக்குச் சரக்கே கிடைக்காது. வியாபாரிக்கு அவன் மேல் அன்பு இருக்கும். ஆனால் ஆறு மாதப் பணம் மாட்டிக்கொண்டிருக்குமே!

வியாபாரிகள் கத்தினார்கள். லண்டனில் 1906-ல் அரச விசாரணைக் குழு போட்டார்கள். 1909-ல் அறிக்கை வந்தது. இந்த முறையைத் தடை செய்ய வேண்டும் என்று குழுவின் பெரும்பான்மையினர் சொல்லவில்லை. வியாபாரிகள் சங்கம் வைத்துப் பேசிக்கொள்ளட்டும் என்றார்கள். அமெரிக்காவோ 1916-லேயே சட்டம் போட்டு இதைத் தடை செய்துவிட்டது. ஒரே தந்திரம்தான். ஒரு நாட்டில் குற்றம், இன்னொரு நாட்டில் வியாபாரம்.

இந்தியாவில் என்ன நடந்தது? 1919-ல் வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலானோர் சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்த வருஷம் ஏப்ரல் 5-ல் அவர்கள் 'லாயல்டி' கப்பல் பம்பாயிலிருந்து லண்டன் புறப்பட்டதால்தான் அந்த நாள் இன்று தேசியக் கடல்சார் தினம். மறுபடியும் கட்டணப் போர். 1923-ல் சிந்தியா இஞ்ச்கேப்போடு பத்து வருஷ ஒப்பந்தத்துக்கு இறங்கிவர வேண்டியதாயிற்று. 75,000 டன்னுக்கு மேல் கப்பல் வைக்கக் கூடாது, கடலோரத்தைத் தாண்டிப் போகக் கூடாது. அதே சமயத்தில் இஞ்ச்கேப் பிரபு இந்திய அரசாங்கத்தின் சிக்கனக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். காலையில் அரசாங்கத்துக்கு ஆலோசனை, மாலையில் போட்டிக்காரருக்கு நிபந்தனை!

இனி நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் கப்பல்காரர்களும் கேட்காமல் இல்லை. சிந்தியாவோடு தொடர்புள்ள எஸ்.என்.ஹாஜி மத்தியச் சட்டமன்றத்தில் 1928-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். இந்தியக் கடலோரச் சரக்கை இந்தியக் கப்பலே ஏற்ற வேண்டும் என்பது அது. அடுத்த வருஷம் இன்னொன்று, நான் மேலே சொன்ன பணம் பிடித்து வைக்கும் முறையைத் தடை செய்ய. பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிகளும் ஐரோப்பிய வர்த்தகச் சபைகளும் எதிர்த்து நின்றன. வைசிராய் இர்வின் 1930 ஜனவரியில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டும் சட்டமாகவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 1935 இந்திய அரசுச் சட்டத்தில், பிரிட்டனில் பதிவான கப்பலை இந்தியச் சட்டம் எதுவும் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்று ஒரு பிரிவையே சேர்த்துவிட்டார்கள். ஒரு மசோதாவைத் தோற்கடிப்பது ஒரு வெற்றி. இனிமேல் அப்படி மசோதாவே வர முடியாதபடி கதவைச் சாத்துவது அதைவிடப் பெரிய வெற்றி.

சுதந்திரத்துக்குப் பிறகு காட்சி மாறியது. கடலோரப் போக்குவரத்தை இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கினார்கள். 1958 வணிகக் கப்பல் சட்டத்தில், வெளிநாட்டுக் கப்பல் நம் துறைமுகத்திலிருந்து நம் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்ற வேண்டுமானால் உரிமம் வேண்டும் என்று வைத்தார்கள். இதற்குக் 'கபோடாஜ்' விதி என்று பெயர். இப்போது நாற்காலியில் இந்தியக் கப்பல் முதலாளிகள் சங்கம். அவர்கள் கேட்டுக் கேட்டு 2004-ல் 'டன்னேஜ் வரி' வந்தது. லாபம் எத்தனை கோடி என்று பார்க்காமல், கப்பலின் கொள்ளளவைப் பார்த்துக் கணக்கிடும் வரி. மற்ற நாடுகளில் இப்படி இருக்கிறது, இல்லாவிட்டால் எங்களால் போட்டி போட முடியாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமும் உண்டு.

இருந்தும் என்ன ஆனது? நம் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கில் இந்தியக் கப்பல்கள் ஏற்றிய பங்கு 1987-88-ல் 40.7 சதவீதம். 2018-19-ல் சுமார் 7.8 சதவீதம். அரசாங்கமே 2021 ஜூலையில் சொன்ன கணக்கு இது. அதைச் சொல்லித்தான் ஐந்து வருஷத்துக்கு 1,624 கோடி ரூபாய் மானியத் திட்டம் அறிவித்தார்கள்.

அந்த 2021-ஐ நம் ஊர் மறக்காது.

என் பழைய மாணவன் ஒருவன் சின்ன அளவில் ஷூ அப்பர் யூனிட் நடத்துகிறான். முப்பது பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் நாலைந்து பேர் என்னிடம் படித்தவர்கள். அந்த வருஷம் கடைத்தெருவில் பார்த்தபோது, "ஆர்டர் இருக்கு டீச்சர். சரக்கும் ரெடி. பெட்டிதான் கெடைக்கல" என்றான். "கட்டணம் உன் தலையிலா, வாங்குகிறவன் தலையிலா?" என்று கேட்டேன். "எஃப்.ஓ.பி. டீச்சர், காகிதத்துல பையர் தலைலதான்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. எஃப்.ஓ.பி. என்றால் நாம் கப்பலில் ஏற்றிவிடுவதோடு சரி. கடல் கட்டணம் வாங்குகிறவர் பொறுப்பு. ஆனால் கட்டணம் ஏறினால் பையர் என்ன செய்வார்? அடுத்த ஆர்டரில் ஒரு ஜோடிக்கு இத்தனை சென்ட் குறை என்பார். ஏற்றுமதி செய்கிற பெரிய கம்பெனி ஜாப் ஒர்க் கூலியைக் குறைக்கும். சின்ன யூனிட்காரன் ஓவர்டைமை நிறுத்துவான். கிடங்கில் சரக்கு நிற்கிற நாளெல்லாம் பணம் வராது. வங்கி வட்டி மட்டும் ஓடும். இப்படிப் படிப்படியாக இறங்கி அந்தக் கட்டணம் கடைசியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் சனிக்கிழமைக் கூலியில் வந்து நிற்கிறது. அவளுக்குக் கீழே இறக்கி வைக்க ஆள் இல்லை.

அப்போது கட்டணம் எவ்வளவு ஏறியது தெரியுமா? 40 அடிக் கண்டெய்னருக்கு உலகச் சராசரி 2019-ல் சுமார் 1,420 டாலர். 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. ஏழு மடங்கு! கொரோனா, துறைமுக நெரிசல், காலிப் பெட்டித் தட்டுப்பாடு எல்லாம் காரணம், மறுக்கவில்லை. ஆனால் 2022-ல் டென்மார்க்கின் மெர்ஸ்க் கம்பெனி ஒன்று மட்டும் 2,900 கோடி டாலருக்கு மேல் லாபம் காட்டியது. பெட்டி இல்லாத பஞ்சத்தில் பெட்டிக்காரனுக்கு அறுவடை.

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கினார்கள். கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. ஐரோப்பாவுக்குப் பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல். மறுபடியும் கட்டணம் ஏறியது.

இன்று உலகக் கண்டெய்னர் கப்பல் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் பத்துக் கம்பெனிகள் கையில் இருக்கிறது. அவர்களுக்கு வாஷிங்டனில் வேர்ல்ட் ஷிப்பிங் கவுன்சில் இருக்கிறது. லண்டனில் பன்னாட்டுக் கப்பல் சபை இருக்கிறது. ஆண்டு முழுக்க அரசாங்கங்களோடு பேசுவதுதான் இந்த அமைப்புகளின் வேலை. பலனைப் பாருங்கள். பெரிய பன்னாட்டுக் கம்பெனிகள் குறைந்தது 15 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்று 2021-ல் உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்டன. அதில் பன்னாட்டுக் கப்பல் வருமானத்துக்கு விலக்கு. நம் டேனரிக்காரர் வரி கட்டுகிறார், அவர் சரக்கை ஏற்றுகிறவருக்கு விலக்கு.

நம் நாட்டிலும் போட்டிச் சட்டம் 2002 என்று ஒன்று இருக்கிறது. போட்டிக் கம்பெனிகள் கூடிப் பேசி வைத்துக்கொள்வதை அது தடுக்கிறது. ஆனால் கப்பல் கம்பெனிகள் ஒருவர் கப்பலில் மற்றவர் இடம் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு 2013-ல் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. 2018-ல் மறுபடியும் மூன்று வருஷத்துக்குக் கொடுத்தது. விலையைப் பேசி வைக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. இடத்தைப் பகிர்ந்தால் செலவு குறையும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சரி. குறைந்த செலவு கட்டணத்தில் தெரிந்ததா என்று யார் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்? இன்னொரு பக்கம், கப்பல் கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்குப் போடும் கட்டணங்களை ஒழுங்குபடுத்த ஏற்றுமதியாளர்கள் கேட்டு, 2005 வாக்கில் ஒரு மசோதா வரைவு எழுதினார்கள். அது சட்டமாகவே இல்லை.

இதில் சிக்கலான கேள்வி ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

2018 மே மாதம் மத்திய அரசு கபோடாஜ் விதியைத் தளர்த்தியது. ஏற்றுமதி இறக்குமதிக் கண்டெய்னர்களையும் காலிப் பெட்டிகளையும் நம் துறைமுகங்களுக்கிடையே வெளிநாட்டுக் கப்பல்கள் உரிமம் இல்லாமல் ஏற்றலாம் என்றது. இந்தியக் கப்பல் முதலாளிகள் எதிர்த்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளும் பெரிய துறைமுகங்களும் வரவேற்றன. நம் பெட்டிகள் கொழும்பு போய்ப் பெரிய கப்பலுக்கு மாறுவதற்குப் பதிலாக இந்தியத் துறைமுகத்திலேயே மாறலாம், செலவு குறையும் என்றார்கள்.

மேல்விஷாரத்துக்காரர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? வ.உ.சி.யை நினைத்தால் இந்தியக் கப்பல் பக்கம். தோலை நினைத்தால் மலிவாக ஏற்றுகிறவர் பக்கம். இரண்டுமே நியாயம்தான். இதற்கு என்னிடம் ஒரு வரியில் விடை இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அந்த மேசையில் கப்பல்காரர் இருந்தார், துறைமுகக்காரர் இருந்தார். தோல் ஏற்றுமதிக் கவுன்சில் போன்ற அமைப்புகள் நம் தொழிலுக்காக டெல்லியில் பேசுகின்றன, அதையும் மதிக்கிறேன். ஆனால் முப்பது பேரை வைத்து யூனிட் நடத்துகிறவனும், அந்த முப்பது பேரும் அங்கே எந்தக் காகிதத்தில் இருந்தார்கள்?

சேர்ந்து கேட்டால் நடக்காது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2021 நெருக்கடியில் விவசாய ஏற்றுமதியாளர்களும் சில்லறைக் கடைக்காரர்களும் ஒன்று சேர்ந்து நெருக்கினார்கள். ஏற்றுமதிச் சரக்கை நியாயமில்லாமல் மறுக்கக் கூடாது, தாமதக் கட்டணத்தை இஷ்டத்துக்குப் போடக் கூடாது என்று 2022 ஜூனில் சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கப்பல் கூட்டுச் சேவைகளுக்கு இருந்த சிறப்பு விலக்கை நீட்டிக்கும்படி கப்பல் கம்பெனிகள் கேட்டன. சரக்கு அனுப்புகிறவர்களும் துறைமுகக்காரர்களும் எதிர்த்து எழுதினார்கள். 2024 ஏப்ரல் 25-ம் தேதியோடு விலக்கு முடிந்தது.

இந்த நாடுகளில் யார் யாரைப் பார்த்துப் பேசினார்கள் என்று பதிவேடு வைக்கிறார்கள். அமெரிக்காவில் 1995 முதல் அதற்கென்று சட்டமே இருக்கிறது. நம் நாட்டில் லாபிக்குத் தனிச் சட்டம் இல்லை. 2013-ல் மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்று வந்தது, நிறைவேறவில்லை. ஆகவே எந்தக் கப்பல் கம்பெனி எந்த அதிகாரியை எத்தனை முறை பார்த்தது என்று நீங்களும் நானும் தெரிந்துகொள்ள வழியில்லை. தெரு விளக்குக்காக நகராட்சியில் மனு கொடுத்தால்கூட நம் பெயர், விலாசம், தேதி எல்லாம் பதிவாகிறது!

ஆனாலும் நமக்கு ஒரு வாசல் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. 2014-ல் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. எந்தச் சட்ட வரைவையும் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது அது. எல்லாச் சமயத்திலும் ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை. பின்பற்றும்போதாவது நாம் எழுதுகிறோமா? மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனால், குழுவும் பல சமயம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுக்கிறது. 2025 ஆகஸ்டில் புதிய வணிகக் கப்பல் சட்டமும் கடலோரக் கப்பல் சட்டமும் வந்துவிட்டன. கடலோரக் கப்பல் போக்குவரத்துக்கு ஒரு தேசியத் திட்டம் வகுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. விதிகள், திருத்தங்கள் என்று இன்னும் எவ்வளவோ வரும். கட்டணத்தைத் தீர்மானிப்பதில் இந்த விதிகளுக்கும் பங்கு உண்டு.

ஆகவே நான் கேட்பது மூன்று காரியம்.

ஒன்று. ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஷிப்பிங் பிரிவில் வேலை பார்க்கும் என் மாணவர்களே, எந்தெந்தப் பெயரில் எவ்வளவு சர்சார்ஜ் போடுகிறார்கள், சரக்கு எத்தனை நாள் நின்றது என்று மாதாமாதம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் முதலாளியின் அனுமதியோடுதான். கணக்கு இல்லாத புகாருக்கு டெல்லியில் மதிப்பில்லை. எதிரில் இருப்பவர் கணக்கோடு வருவார்.

இரண்டு. சின்ன டேனரி, ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறவர்கள் தனித்தனியாகப் புலம்பாமல் உங்கள் சங்கத்தில் இதற்கென்று ஒருவரை நியமியுங்கள். கப்பல் அமைச்சகமும் வர்த்தக அமைச்சகமும் என்ன வரைவு வெளியிடுகின்றன என்று வாரம் ஒருமுறை பார்ப்பது மட்டுமே அவர் வேலை.

மூன்று. தொழிற்சங்கங்களும் இதைத் தங்கள் பிரச்சினையாக எடுக்க வேண்டும். கப்பல் கட்டணம் முதலாளி கவலை என்று விட்டால், அது கூலியாக மாறி நம் வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியும்.

வ.உ.சி.யின் கம்பெனி நஷ்டத்தால் மட்டும் சாகவில்லை. அவர் பக்கம் பேச ஆளும் மேசையில் ஒருவர்கூட இல்லை. இன்று மக்களாட்சி. நாற்காலி கிடைக்காவிட்டாலும் காகிதம் உள்ளே போகலாம்.

மனு எழுதத் தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம். விவரத்தைக் கொண்டுவந்து கொடுங்கள். தமிழில் நான் எழுதித் தருகிறேன். ஆங்கிலத்தில் எழுத, இப்போது நல்ல நிலையில் இருக்கும் என் மாணவர்களில் இரண்டு பேரைப் பிடித்துவிடுவேன். எழுத்துப்பிழை இருக்காது. அதற்கு நான் பொறுப்பு.

படித்தவர்கள் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். ஷிப்பிங் வேலையில் இருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள். என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும்.